ஏழுமலை கேட்ட பத்து நிமிடம்

போன மாதம் நிவேதா என்னைக் கூப்பிட்டாள். ஒரகடத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "மேடம், நீங்க ரிலேட்டிவிட்டி, பிளாக் ஹோல் எல்லாம் லைன் ஆளுங்களுக்கு எடுத்தீங்களாமே, அந்த ஸ்லைடு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்றாள். ஸ்லைடெல்லாம் கிடையாது என்றேன். வீடியோ? அதுவும் இல்லை. "அப்புறம் எதுல மேடம் எடுத்தீங்க?" வாயால்தான் என்றேன். வாயாலா என்று இரண்டு முறை கேட்டாள்.

இப்போது கேன்டீன் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டி, வாரம் ஒரு விஞ்ஞான வீடியோ போடுகிறார்களாம். பேசுவது மனிதக் குரல்கூட இல்லை, கணினிக் குரல். நட்சத்திரம் வெடிக்கும்போது மேளதாளம் வேறு. யாருமே நிமிர்ந்து பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு மனக்குறை. பசித்தவன் தட்டைத்தான் பார்ப்பான், அதில் ஒரு தப்பும் இல்லை என்றேன். சரி, நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதியாவது கொடுங்கள் என்றாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு எவ்வளவு பயன்படும் என்று தெரியாது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இயற்பியலில் எம்.எஸ்சி. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் சில வருடம் லேபில் இருந்தேன். பிறகு இந்தக் கம்பெனி. கார் பாகங்கள் செய்கிற இடம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வெர்னியர் பிடிக்க, மைக்ரோமீட்டர் படிக்க, அளந்ததை அளந்தபடி எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அண்டமும் அணுவும் என் வேலைப் பட்டியலில் எங்கேயும் கிடையாது.

அது வந்த கதை வேடிக்கையானது. ஐரோப்பாவில் பூமிக்கடியில் பெரிய வளைய இயந்திரம் கட்டி, அணுவுக்குள் இருக்கும் துகள்களை ஒன்றோடொன்று மோதவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மோதினால் அங்கே ஒரு கருந்துளை பிறக்கும், அது பூமியையே விழுங்கிவிடும் என்று டி.வி.யில் ஒரு புரளி. அடுத்த நாள் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பாதிப் பேர் ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார்கள். "உலகமே போவப்போவுது, இன்னாத்துக்கு ஓ.டி.? வூட்ல போய் புள்ளைங்கள பாத்துகினு இருக்கலாம்" என்று அவர்களில் ஒருவர் சூப்பர்வைசரிடமே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

விஷயம் எங்கள் பயிற்சிப் பிரிவின் தலைவர் வரதராஜனிடம் வந்தது. காஞ்சிபுரத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, பிசிக்ஸ் படிச்சது நீதானே? போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். கரும்பலகையில் சமன்பாடெல்லாம் எழுதினேன். அரைமணி நேரம் பேசினேன். முடித்ததும் கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வரதராஜன், பக்கத்தில் இருந்த ஃபிட்டரிடம், "மேடம் இன்னா சொன்னாங்க, சொல்லுப்பா" என்றார். அவர் எழுந்து நின்று யோசித்து, "பயப்படத் தேவையில்லன்னு சொன்னாங்க சார். ஆனா அவுங்களே பயந்தாப்பல இருந்துச்சு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வரதராஜன் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் சமன்பாட்டை விட்டுவிட்டுப் பேசினேன். வானத்திலிருந்து துகள்கள் நம் தலைமேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. அந்த இயந்திரத்தால் கொடுக்கவே முடியாத சக்தியோடு வந்து நம் காற்றில் மோதுகின்றன. பூமி பிறந்த நாளிலிருந்து இந்த மோதல் நடக்கிறது. பூமியும் அப்படியே இருக்கிறது, நிலாவும் அப்படியே இருக்கிறது. அங்கே அவர்கள் செய்வதெல்லாம், மேலே தானாக நடப்பதைக் கீழே கருவி வைத்துப் பார்க்கிற இடத்தில் நடத்துவதுதான். இவ்வளவுதான் சொன்னேன். பிரஸ் ஷாப் ஆட்கள் ஓ.டி.க்குப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு விடவில்லை. வியாழக்கிழமைதோறும் பயிற்சி ஹாலில் அரைமணி நேரம், விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று வரதராஜன் ஏற்பாடு செய்தார். வந்தார்கள். நான் எதிர்பார்க்காத அளவுக்கு வந்தார்கள். 'கடவுள் துகள்' கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வந்த வாரம் ஹாலில் இடமே இல்லை. எந்தச் சாமி என்று ஒருவர் கேட்டார். எங்கள் சர்ச்சில் பாஸ்டரும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் கவலையோடு. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர், அதற்கும் பரலோகத்துக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னேன்.

வரதராஜனுக்கு இரண்டு விதிகள். முதல் விதி, உவமை சொன்னால் அது எந்த இடத்தில் பொருந்தாது என்பதையும் உடனே சொல்ல வேண்டும். அண்டம் விரிகிறது என்பதற்கு நான் இட்லி மாவைச் சொன்னேன். மாவு பொங்கும்போது அதில் கிடக்கிற ஒவ்வொரு வெந்தயமும் மற்ற எல்லா வெந்தயத்தையும் விட்டு விலகிப்போகும், எந்த வெந்தயமும் நடுவில் இல்லை. "எங்க பொருந்தாது?" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. மாவுக்குப் பாத்திரம் உண்டு, வழிந்து ஊற்ற வெளியிடம் உண்டு, அண்டத்துக்கு அப்படிப் பாத்திரம் எதுவும் தெரியவில்லை என்றேன். அப்புறம் வெந்தயமே விரிவதில்லை, இடையில் இருப்பதுதான் விரிகிறது. "அப்ப ஒரகடத்துக்கும் மெட்ராஸுக்கும் தூரம் ஜாஸ்தி ஆவல, டிராபிக்தான் ஜாஸ்தி ஆவுது" என்றார் பெயின்ட் ஷாப் மோகன். சரியாகவே புரிந்துகொண்டார்.

இரண்டாவது விதிக்கு அவர் வைத்த பெயர் மூன்றாம் வாய். நீ சொன்னது என்ன என்பது உனக்கும் தெரியாது, கேட்டவனுக்கும் தெரியாது, கேட்டவனிடம் கேட்டவனுக்குத்தான் தெரியும் என்பார். அதனால் பேச்சு முடிந்த அடுத்த வாரம் நான் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு, மறைமலை நகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போய், ஸ்டேஷன் பக்கத்தில் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். ஹாலுக்கு வராத ஆட்களிடம் பேச்சுக் கொடுத்து, நான் சொன்னது என்னவாகிப் போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். கருந்துளை ஒருமுறை போர்வெல் குழியாகிவிட்டிருந்தது. தப்பு என்றால் அங்கேயே திருத்துவேன். பெரிய தப்பு என்றால் வியாழக்கிழமை திரும்பப் பேசுவேன். நிவேதா, நான் எப்படிச் செய்தேன் என்று கேட்டாயே, இதுதான். பஸ் ஏறு.

அந்த பஸ்ஸின் டிரைவர் ஏழுமலை. ஐம்பதைத் தொடுகிற வயது, ஒல்லியான உடம்பு, வண்டியைத் தூக்கிப்போடுகிற மாதிரி இல்லாமல் தாலாட்டுகிற மாதிரி ஓட்டுவார். கம்பெனி ஆள் கிடையாது, பஸ் காண்ட்ராக்ட்காரருடைய ஆள். டிரைவர்களுக்குக் கொடுத்த பாஸ் பார்க்கிங்கோடு சரி, அதற்கு மேல் உள்ளே வரக்கூடாது. ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள், அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

அவரைப் பற்றி பஸ்ஸில் எல்லோருக்கும் ஒன்று தெரியும். செங்கல்பட்டுக்கு அப்பாலிருந்து வரும் பாசஞ்சர் ரயில் தாமதமானால் ஏழுமலை காத்திருப்பார். அந்த ரயிலில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லோரும் காண்ட்ராக்ட். நிரந்தர ஆள் லேட்டாக வந்தால் லேட் மார்க்கோடு போகும். காண்ட்ராக்ட் ஆளுக்கு வாசல் கேட்டே திறக்காது, அப்படியே திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும். பஸ் புறப்பட்டுவிட்டால் அந்தப் பெண்களுக்கு அன்றைய நாள் போச்சு. ஏழுமலை இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டேஷன் படியையே பார்த்துக்கொண்டிருப்பார். டிபன் பையோடு அவர்கள் ஓடி வந்து ஏறியதும், ஒன்றும் நடக்காத மாதிரி வண்டியை எடுப்பார். விட்ட நேரத்தை வழியில் எப்படியோ பிடித்துவிடுவார்.

பிறகு எல்லா பஸ்ஸிலும் ஜி.பி.எஸ். கருவி வைத்தார்கள். எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று ஹெச்.ஆர். அறையில் தெரியும்.

நான் ரிலேட்டிவிட்டி எடுத்ததும் அதே காலம்தான். ஆரம்பிக்க நல்ல பிடி கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம். காலம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகமாகப் போகிற கடிகாரம் மெதுவாக ஓடும். பூமியின் இழுப்பு குறைந்த இடத்தில் இருக்கிற கடிகாரம் வேகமாக ஓடும். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுக்கு இரண்டும் உண்டு. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மேலே இருக்கிற கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. அந்தக் கொஞ்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் திருத்தித்தான் மேலே அனுப்புகிறார்கள். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் உங்கள் பஸ் பல கிலோமீட்டர் தள்ளி, வயல்காட்டில் நிற்பதாகக் காட்டும் என்றேன். கைதட்டினார்கள். அன்றைக்கு வரதராஜன்கூட ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பஸ் ஏறினேன். வண்டி கிளம்புவதற்கு முன்பே பின்சீட்டில் பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தது: "சாட்டிலைட்ல கீற மணி தப்பாம். ஜி.பி.எஸ். காட்டுற டைம நம்பக்கூடாதுன்னு மேடமே சொல்ட்டாங்கோ." எனக்குச் சுருக்கென்றது. எழுந்து பின்னால் போய், திருத்தித்தான் அனுப்புகிறார்கள், அதனால் சரியாகத்தான் காட்டும் என்று கத்திச் சொன்னேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது, அந்த இரைச்சலில் பின்சீட்டுக்கு மட்டும்தான் கேட்டது. முன்னால் ஸ்டியரிங் பிடித்தவருக்கு முதலில் சொன்னது கேட்டிருக்கிறது, நான் திருத்தியது கேட்கவில்லை.

அடுத்த சில வாரத்தில் மூன்று முறை பாசஞ்சர் தாமதம். மூன்று முறையும் பஸ் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நின்றிருக்கிறது. மூன்றாவது முறை ஒரகடம் ரோட்டில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, விட்ட நேரத்தை ஏழுமலையால் பிடிக்க முடியவில்லை. உற்பத்தி லைன் தாமதமாக ஆரம்பித்தது. மேலிடத்தில் சத்தம். ஏழுமலைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பஸ்ஸில் வந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்கள். ஏழுமலை எழுதிக் கொடுத்த பதில்தான் என்னை உள்ளே இழுத்தது. வண்டி நிற்கவே இல்லை, சாட்டிலைட் கடிகாரம் வேறு வேகத்தில் ஓடுவதால் நேரம் தப்பாகக் காட்டுகிறது, இதை உங்கள் கம்பெனி மேடமே சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

ஹெச்.ஆர். மேலாளர் பிரபாகர் என்னைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மேடம், இது உண்மையா இருந்தா அந்தாளுக்கு நோபல் பரிசே குடுக்கலாம். விசாரணைக்கு வந்து சொல்லிடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் தகரக் கொட்டகைக்குப் போனேன். போகும்போது கேன்டீனிலிருந்து இரண்டு டீ வாங்கிக்கொண்டு போனேன்.

"வேணாம் மேடம், டீ ஒத்துக்காது. வவுத்துல புண்ணு. டாக்டரு தொடவே கூடாதுன்ட்டாரு" என்றார் ஏழுமலை. இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

"ஏன்யா அப்படி எழுதினீங்க?"

"நீங்க சொன்னதுதான மேடம்? மேல மணி வேற, கீழ மணி வேறன்னு."

உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். திருத்தி அனுப்புவதைச் சொன்னேன். திருத்தவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பத்து நிமிடம் ஆக நாற்பதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கொட்டகையில் படுத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாப்பதாயிரம் வருசமா? அதுக்குள்ள பாசஞ்சரே வந்துடும்."

"நீங்க பஸ் ஓட்டுறதாலயும் உங்க கடிகாரம் கொஞ்சம் மெதுவா ஓடும். ஆயுசு பூராவும் ஓட்டினாலும் ஒரு கண் இமைக்கிற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட வராது."

"அப்ப அந்தத் தியரில எனக்கு ஒரு பத்து நிமிசம் தேறாதா மேடம்?"

தேறாது என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. படுத்திருந்தவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் நின்னேன்னு ஒத்துகினா யாருக்கோசரம் நின்னேன்னு கேப்பாங்க. ரயிலுன்னு சொன்னா அந்தப் பொண்ணுங்களதான் மொதல்ல தூக்குவாங்க. இங்கயே ஹாஸ்டல்ல கீற பொண்ணுங்கள வெச்சிக்கோன்னு காண்ட்ராக்டருக்குச் சொல்லிடுவாங்க. அதுல ரெண்டு பேருக்குப் புருசன் இல்ல மேடம். அதனால நிக்கவே இல்லன்னு எழுதுனேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பொய் சொல்லவாணாம். உறுதியா சொல்ல முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க. படிச்சவங்க அப்பிடித்தான சொல்லுவீங்க?" என்றார்.

அது சரியான கணிப்பு. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உறுதியாகச் சொல்ல முடியாது என்று நான் சொன்னால் அந்த அறையில் மறுத்துப் பேச ஒருவருக்கும் விஷயம் தெரியாது. பிரபாகர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்துவிடுவார். ஏழுமலை பஸ் ஓட்டுவார், பெண்கள் வேலைக்கு வருவார்கள். ஒரே ஒரு வாக்கியம். சாயங்காலம் வரதராஜனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெண்கள் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "நீ என்ன சொன்னாலும் வியாழக்கிழமை ஹாலுக்கு வரணும் இல்லையாம்மா" என்றார்.

விசாரணை என்றால் கோர்ட் மாதிரி இருக்காது, ஆனால் கோர்ட்டைவிட மெதுவாக நடக்கும். நீள மேசை. ஒரு பக்கம் பிரபாகர், பக்கத்தில் டைப் அடிக்கிறவர், எதிரே ஏழுமலை, காண்ட்ராக்ட்காரரின் ஆள், ஓரத்தில் நான். கேள்வியைப் பிரபாகர் வாயால் கேட்பார். டைப் அடித்து முடிக்கிற வரை யாரும் பேசக்கூடாது. பிறகு பதில். அதையும் அடித்து, உரக்கப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, அதற்கப்புறம்தான் அடுத்த கேள்வி. ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மனம் மாறுவதற்கு வேண்டிய மட்டும் அவகாசம் கிடைக்கும்.

உங்கள் பெயர், வேலை. சொன்னேன். சாட்டிலைட்டில் உள்ள கடிகாரம் தரையில் உள்ள கடிகாரத்தைவிட வேகமாக ஓடுகிறது என்று நீங்கள் பயிற்சி ஹாலில் சொன்னது உண்மையா? உண்மை என்றேன். ஏழுமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதனால் பஸ் கருவி காட்டிய நேரத்தில் பத்து நிமிடம் வித்தியாசம் வர வாய்ப்பு உண்டா?"

அந்தக் கேள்வியை டைப் அடித்து முடிக்கும் வரை நான் ஏழுமலையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது என்பது என் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"இல்லை" என்றேன். காரணத்தையும் சொன்னேன். நாற்பதாயிரம் வருஷம் என்றதும் டைப் அடிக்கிறவர் நிமிர்ந்து, "எழுத்தாலா மேடம், எண்ணாலா?" என்று கேட்டார். எப்படியாவது அடியுங்கள் என்று எரிந்து விழுந்தேன். படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

பிரபாகர் ஏழுமலையைப் பார்த்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்றார்.

"நின்னேன் சார்."

"எதுக்கு?"

"டீ குடிச்சேன்."

"மூணு வாட்டியும் டீ குடிக்கவா வண்டிய நிறுத்தினீங்க? பஸ் பூரா ஆள வெச்சுக்கிட்டா?"

"டீன்னா எனக்கு உசுரு சார்" என்றார் ஏழுமலை.

அதை டைப் அடித்தார்கள், உரக்கப் படித்தார்கள், அவர் கையெழுத்துப் போட்டார். என்னிடம் கேட்டது கடிகாரத்தைப் பற்றித்தான். டீயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் கிடையாது. வேறு டிரைவர் வந்தார், நல்ல பிள்ளை, புதிது. அந்த வாரம் நான் பஸ் ஏறிய அன்று பாசஞ்சர் தாமதம். நேரம் ஆனதும் அவர் வண்டியை எடுத்துவிட்டார். பஸ் திரும்பும்போது கண்ணாடி வழியே பார்த்தேன், பெண்கள் படியில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பின்சீட்டுக்காரர்களும் எழுந்து நின்று அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாரத்தில் ஒரு நாள் போகிற நான் மறுநாளும் போனேன், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பாசஞ்சர் அன்றும் தாமதம். பஸ் நின்றிருந்தது. உள்ளே ஒருவர்கூட இல்லை. எல்லோரும் கீழே ரோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏறுங்கண்ணா, டைம் ஆச்சு" என்றார் டிரைவர்.

"ஏறலாம்பா, இன்னா அவசரம்" என்றார் மோகன்.

யாரும் ஏறவில்லை. காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போக டிரைவரால் முடியாது. அவருக்குப் போன் வந்தது. பயந்துபோய் என்னிடம் நீட்டினார். பிரபாகர்தான்.

"மேடம், பஸ் நிக்கறதா காட்டுது. கருவி ஏதாவது தப்பா?"

"கருவி சரியா இருக்கு சார். பஸ் நிக்குது."

"ஏன்?"

"யாரும் ஏறல."

அதற்குள் பாசஞ்சர் வந்துவிட்டது. பெண்கள் வந்து முதலில் ஏறினார்கள், பிறகு மற்றவர்கள். அப்புறம் பாசஞ்சர் தாமதமான ஒவ்வொரு நாளும் இப்படியே நடந்தது. நோட்டீஸ் யார் பெயருக்கு அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் போக்குவரத்து நெரிசலை முன்னிட்டு பஸ் புறப்படும் நேரம் பத்து நிமிடம் தள்ளி மாற்றியமைக்கப்படுகிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ரயில் என்ற வார்த்தையே அதில் இல்லை.

இனி அந்தப் பெண்களுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு பிரபாகரிடம் போனேன். ஏழுமலை டீ குடிக்கிற ஆளே இல்லை, ரயிலுக்காகத்தான் நின்றார், நீங்களே இப்போது அந்த நேரத்தைக் கொடுத்துவிட்டீர்கள், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படின்னா விசாரணையில பொய் சொல்லியிருக்கார் மேடம். அது இன்னொரு குற்றமாச்சே" என்றார். கெட்டவர் இல்லை. விதிகளை அந்த வழியில் மட்டும்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். நான் இன்னும் இரண்டு முறை கேட்டேன், கடைசி முறை கொஞ்சம் கத்தியும் பார்த்தேன். நடக்கவில்லை.

பல மாதம் கழித்து ஸ்கூட்டி ரிப்பேராகி, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். "மேடம், முன்னாடி வாங்க" என்று குரல் கேட்டது. ஏழுமலை. வாடகைக்கு எடுத்த ஷேர் ஆட்டோ ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கோவம்? இல்லாதத இருக்குன்னு சொல்ல முடியுமா? அன்னிக்கு நீங்க மாத்திச் சொல்லியிருந்தீங்கன்னா, அப்பால நீங்க சொல்ற எதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்." வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "ஒண்ணுதான் மேடம். எங்கள அந்த ஹாலுக்குள்ள வுட்டதே இல்ல. எனக்கு இதுலல்லாம் ரொம்ப இஷ்டம். இவுங்க பின்சீட்டுல பேசிகினு வர்றதத்தான் நான் கேட்டது. நேரா ஒக்காந்து கேட்டிருந்தா அத எழுதிக் குடுத்திருக்கவே மாட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அத்தனை வியாழக்கிழமையும் ஹாலுக்கு வெளியே, பார்க்கிங் கொட்டகையில் ஒருவர் ஆசையோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இப்பச் சொல்லவா?" என்றேன்.

"சொல்லுங்க. வண்டி நெரம்பணுமே."

சொன்னேன். பேருக்குச் சொல்லாமல், ஹாலில் சொன்னதைவிட நிதானமாக, தரையிலிருந்து ஆரம்பித்து. அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். இழுப்பு குறைந்தால் கடிகாரம் ஏன் வேகமாக ஓட வேண்டும், அதை யார் போய்ப் பார்த்தது, மேலே இருப்பவனுக்கு அது தெரியுமா என்று ஒவ்வொன்றும் நல்ல கேள்வி. ஒன்றுக்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். பின்னால் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி நிறைந்து, ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. நான் அப்போதுதான் சாட்டிலைட் வரை போயிருந்தேன்.

"அண்ணா, ஃபுல் ஆயிடுச்சு, எடுங்கண்ணா. ஷிப்டுக்கு நேரமாவுது" என்று ஒரு பெண் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். "இரும்மா. மேடம் இன்னும் மேலயே கீறாங்க. எறங்கட்டும், எடுத்துடறேன்" என்றார்.